வயல் காணி வீடு: சுவர் வெடிப்பையா, கூரைத்தளத்துக் கம்பித் துருவையா முதலில் பார்ப்பது?

கேள்வி: வயற்கரை வீடு

வணக்கம். எங்கள் வீடு வட்டுக்கோட்டைக்கும் அராலிக்கும் இடைப்பட்ட பகுதியில், முன்னர் வயலாக இருந்து பின்னர் மக்கியும் கிரவலும் போட்டு உயர்த்தப்பட்ட ஐந்து பரப்புக் காணியில் இருக்கிறது. விறாந்தை, மண்டபம், இரண்டு அறைகள் ஆகியவற்றுக்கு மேல் கொங்கிறீற்றுக் கூரைத்தளம் உண்டு. பின்பக்கத்துச் சமையலறையும் குளியலறையும் ஓட்டுக் கூரையின் கீழ் உள்ளன. சுவர்கள் எல்லாம் சீமெந்துக் கல்லால் கட்டப்பட்டவை. வீடு கட்டி ஏறத்தாழ இருபது வருடங்கள் ஆகின்றன.

இரண்டு விதமான சேதங்கள் தெரிகின்றன. முதலாவது, சமையலறை யன்னலின் கீழ் மூலையிலிருந்து அத்திவாரம் வரை படிபடியாகச் சரிந்து இறங்கும் ஒரு வெடிப்பு. ஆடி, ஆவணி மாதங்களில் ஒரு ரூபாய்க் குத்தியின் விளிம்பு அதற்குள் நுழையும். மார்கழி மழைக்குப் பின்னர் அதே வெடிப்பு தலைமயிர் அளவுக்குச் சுருங்கிவிடும். சீமெந்துக் கலவையால் பல தடவை அடைத்தாயிற்று. அடைத்த இடம் அப்படியே இருக்க, அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று பிளக்கிறது.

இரண்டாவது, மண்டபத்துக் கூரைத்தளத்தின் அடிப்பக்கம். கம்பி ஓடும் வழியிலேயே பழுப்பு நிறக் கோடுகள் தோன்றி, சென்ற வருடம் சாப்பாட்டு மேசைக்கு மேல் கையகல அளவில் ஒரு துண்டு விழுந்தது. துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. சுற்றிவரத் தட்டிப் பார்த்தால் பல இடங்களில் வெறுமையான ஓசை கேட்கிறது. இவை தவிர, கூரைத்தளம் சுவரில் வந்து உட்காரும் இடத்தில், மேற்குப் பக்கம் முழுவதும் கிடையாக ஒரு மெல்லிய வெடிப்பும் உண்டு.

வந்து பார்த்த ஒப்பந்தகாரர் ஒருவர், அத்திவாரம் முழுவதையும் தோண்டிப் புதிதாகக் கொங்கிறீற்று வளையம் போட வேண்டும் என்கிறார். இன்னொருவர், கூரைத்தளத்தில் விழுந்த இடங்களை நீர்த்தடுப்புச் சீமெந்தால் பூசி வெள்ளை அடித்தால் போதும் என்கிறார். இருவரும் சொல்லும் தொகைகளுக்கு இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வீடு கட்டும்போது எங்கள் கிணற்றுத் தண்ணீரையே பயன்படுத்தினோம்; அது கோடையில் சற்று உவர்க்கும். மணல் வடமராட்சி கிழக்கிலிருந்து வந்தது. சமையலறைச் சுவரோரம் வாழைகள் நிற்கின்றன, கிழக்கு மூலையில் ஒரு பெரிய வேம்பு நிற்கிறது.

ஐப்பசி மழைக்கு முன்னர் எதைச் செய்வது, எதைப் பிற்போடுவது, இந்த வெயிலில் போடும் கலவை நிலைக்குமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில்: ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்

இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதால் ஒரே காரணத்தால் வந்தவை என்று எண்ண வேண்டாம். சுவர் வெடிப்பு மண்ணிலிருந்து வருகிறது. கூரைத்தளத்துச் சேதம் கம்பியிலிருந்து வருகிறது. அத்திவாரம் முழுவதையும் தோண்டினாலும் கம்பித் துரு நிற்காது. கூரைத்தளத்தை எவ்வளவு நன்றாகத் திருத்தினாலும் சமையலறைச் சுவர் வருடாவருடம் திறந்து மூடுவது நிற்காது. கூரைத்தளத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதட்டும், நான் மண்ணைப் பற்றி எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுகிறவர்கள் பலருக்கு மண் வீங்கும் என்ற சிந்தனையே இருப்பதில்லை. கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் போன்ற செம்மண் பகுதிகளில் தண்ணீர் கீழே இறங்கி ஓடிவிடும், மண்ணும் பெரிதாக அசையாது, கொஞ்சம் தோண்டினால் சுண்ணாம்புக்கல் வந்துவிடும். ஆகவே, இரண்டடி அத்திவாரத்தில் ஐம்பது வருடங்கள் அசையாமல் நிற்கும் வீடுகளைப் பார்த்துப் பழகியவர்கள், அதே அளவை வயல் காணிக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். வழுக்கையாறு ஓடி வடியும் பக்கத்து வயல் மண் அப்படிப்பட்டதன்று. அதில் களி கலந்திருக்கிறது. களி தண்ணீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மன்னார் முருங்கனில் உள்ள கருங்களியை நீங்கள் கோடையில் பார்த்திருந்தால், கை நுழையும் அளவுக்கு நிலம் பிளந்து கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். (காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு வேண்டிய களி அங்கிருந்துதான் வந்தது என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது.) உங்கள் காணி முருங்கன் அளவுக்கு மோசமாக இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும், கோடையில் திறந்து மாரியில் மூடும் வெடிப்பு என்பது களி மண்ணின் கையெழுத்து. வெறுமனே நிரப்பு மண் இறுகித் தாழ்ந்திருந்தால், வெடிப்பு ஒரே திசையில் அகன்றுகொண்டே போயிருக்கும், அல்லது சில வருடங்களில் நின்றிருக்கும், மாரியில் சுருங்கியிராது.

எங்கள் குடாநாட்டில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டிவிடும். பின்னர் சித்திரைச் சிறுமழையைத் தவிர, புரட்டாதி வரை வெயிலும் சோளகக் காற்றும் (தென்மேற்குப் பருவக்காற்று) தான். வீட்டின் நடுப்பகுதிக்குக் கீழே உள்ள மண்ணின் ஈரம் அவ்வளவு மாறுவதில்லை. ஓரங்களில் உள்ள மண்தான் வருடாவருடம் நனைந்து காய்கிறது. ஆகவே நடு நிற்க, மூலைகள் ஏறி இறங்குகின்றன. உங்கள் வீட்டில் அதற்கு மேலதிகமாக இரண்டு விடயங்கள் நடக்கின்றன. சமையலறைத் தண்ணீர் சுவரோரத்து வாழைக்குப் போகிறது என்று நினைக்கிறேன். எங்கள் ஊர் வளவுகளில் அதுதானே வழக்கம். அந்த இடம் கோடையிலும் ஈரமாகவே இருக்கும். கிழக்கு மூலையில் வேம்பு அதே கோடையில் ஆழத்திலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு பக்கம் உப்பிய மண், இன்னொரு பக்கம் வற்றிய மண். இடையில் உள்ள சீமெந்துக் கல் சுவருக்கு வளைந்து கொடுக்கும் இயல்பு இல்லை, அது யன்னல் மூலையில் பிளந்துவிடுகிறது.

மண்ணைச் சோதிப்பதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு முறை உண்டு. அத்திவார ஆழத்திலிருந்து எடுத்த மண்ணைக் காயவைத்து, நன்றாகப் பொடித்து, மெல்லிய அரிதட்டில் அரித்து, 10 கிராம் அளவு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அளவு கோடிட்ட இரண்டு கண்ணாடிக் குழாய்களில், ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் விட்டு, இந்த மண்ணைப் போட்டுக் கலக்கி 24 மணித்தியாலம் விடுங்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது. தண்ணீரில் படிந்த மண்ணின் உயரம் மண்ணெண்ணெயில் படிந்ததை விட நூற்றுக்கு 20க்குக் குறைவாகக் கூடியிருந்தால் பயமில்லை. 50க்கு மேல் கூடியிருந்தால், அது உண்மையாகவே தொல்லை தரும் மண். ஆய்வுகூடத்தில் செய்யும் சோதனையும் ஏறத்தாழ இதுவே.

அதைவிட முக்கியமாக, சமையலறை மூலையிலும் வெடிப்பில்லாத முன்மூலையிலும் அத்திவாரத்தை ஒட்டி ஒவ்வொரு குழி தோண்டிப் பாருங்கள். எங்கள் பகுதியில் களிக்குக் கீழே சுண்ணாம்புக்கல் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பது ஒரு வளவுக்குள்ளேயே மாறும். வீட்டின் ஒரு பாதி கல்லில் உட்கார்ந்து, மற்றப் பாதி களியில் உட்கார்ந்திருந்தால், அந்த இரண்டும் சேரும் இடத்தில் சுவர் வெடிப்பதை எந்தப் பூச்சும் மறைக்காது.

முதலில் செய்ய வேண்டியது தண்ணீரை ஒழுங்குபடுத்துவது. சமையலறை, குளியலறைக் கழிவுநீரைக் குழாய் மூலம் வீட்டிலிருந்து குறைந்தது பத்து, பதினைந்து அடிக்கு அப்பால் கொண்டுசெல்லுங்கள். வாழையையும் அங்கேயே நடலாம். ஓட்டிலிருந்து விழும் தண்ணீருக்குப் பீலி போடுங்கள். வீட்டைச் சுற்றி மூன்று நான்கு அடி அகலத்துக்கு, வெளிப்பக்கம் சரிவாக, கொங்கிறீற்றுப் பட்டி போடுங்கள். அந்தப் பட்டியைச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டாம். இடையில் அரை அங்குல இடைவெளி விட்டு, இறுகாத தார்ப் பசையால் நிரப்ப வேண்டும். ஒட்டிப் போட்டால் பட்டி உயரும்போது சுவரையும் இழுக்கும். வேம்பை அவசரப்பட்டுத் தறிக்க வேண்டாம். இத்தனை வருடங்கள் அது உறிஞ்சிக் காயவைத்த களி, மரம் போன பின்னர் மெதுவாக ஈரமாகி உப்பத் தொடங்கினால், இப்போது நல்லாக இருக்கும் மூலை தூக்கப்படும். கொப்புகளைக் குறைத்து, வீட்டுப் பக்கம் வேர் வராமல் ஆழமாக ஒரு தடுப்புச் சுவர் வைப்பதே பாதுகாப்பு.

வெடிப்பை இந்த மாதத்தில் கலவையால் அடைக்கவே வேண்டாம். அது மிக அகன்றிருக்கும் காலத்தில் இறுகிய கலவையை உள்ளே அடித்துவிட்டால், மாரியில் மண் உப்பி வெடிப்பு மூட முயலும்போது அந்தக் கலவை ஆப்பாக நின்று, பக்கத்தில் புதிய வெடிப்பை உண்டாக்கும். உங்களுக்கு நடந்தது அதுதான். வெடிப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு துருப்பிடிக்காத ஆணி அடித்து, இரண்டுக்கும் இடையிலான தூரத்தை மாதம் ஒரு தடவை வேர்னியர் இடுக்கியால் அளந்து, திகதியோடு எழுதி வாருங்கள். தண்ணீரை ஒழுங்குபடுத்தி ஒரு கோடையும் ஒரு மாரியும் கடந்த பின்னர், அசைவு ஒரு மில்லிமீற்றருக்குள் அடங்கியிருந்தால், கல் வரிகளுக்கு இடையிலான சாந்தை வெடிப்பின் இருபுறமும் இரண்டடிக்கு வெட்டி, 6 மில்லிமீற்றர் துருப்பிடிக்காத உருக்குக் கம்பி வைத்துத் தைத்து, பிறகு பூசலாம். அதுவரை மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் இழுபடும் தன்மையுள்ள பொலியூரிதேன் பசை போதும்.


பதில்: மேசன் வேலை, சண்டிலிப்பாய்

ஐயா சொன்னது சரி. கூரைத்தளத்து வேலையைப் பற்றி நான் எழுதுகிறேன்.

நீர்த்தடுப்புச் சீமெந்தால் பூசினால் போதும் என்று சொன்னவரிடம் அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். துருப்பிடித்த கம்பிக்கு மேல் பூசிய பூச்சு இரண்டு மாரி தாங்காது. இரும்பு துருவானால் பழைய இடத்தைப் போல இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த நெருக்குதலால்தான் கொங்கிறீற்று பிளந்து விழுகிறது. துரு இருக்கும்வரை அது தள்ளிக்கொண்டே இருக்கும்.

வேலை தொடங்குமுன், திருத்தப்போகும் இடத்துக்குக் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு முழு அடிப்பக்கத்தையும் சிறு சுத்தியலால் தட்டி, வெறுமையாக ஒலிக்கும் இடங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். விழுந்த இடம் கையகலமாக இருந்தாலும், தட்டிப் பார்த்தால் அதைப்போல நாலைந்து மடங்கு இடம் போயிருக்கும். வட்டமிட்ட இடத்தைச் சுற்றிக் கிரைண்டரால் 10 மில்லிமீற்றர் ஆழத்துக்கு நேர் கோடாக வெட்டி, உள்ளே உளியால் கொத்த வேண்டும். ஓரத்தைச் சரிவாக மெலிந்துபோக விட்டால் அந்த மெல்லிய விளிம்பிலிருந்துதான் புதிய பூச்சு உரியத் தொடங்கும். கம்பியின் முன்பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு நிறுத்தக் கூடாது. கம்பிக்குப் பின்னாலும் ஒரு விரல் நுழையும் அளவுக்குக் கொத்த வேண்டும். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள், ஏனென்றால் மேலே பார்த்தபடி கொத்துவது கழுத்து நோகும் வேலை, நாட்கூலிக்கு நிற்பவர் கம்பி தெரிந்தவுடன் போதும் என்றுவிடுவார். கம்பியில் துரு இல்லாத நல்ல இரும்பு இரு பக்கமும் இரண்டு அங்குலம் தெரியும்வரை கொத்திக்கொண்டே போக வேண்டும்.

கம்பியைக் கம்பித்தூரிகையால் பளபளக்கத் தேய்த்து, அன்றைக்கே துருத்தடுப்புப் பூச்சைப் பூசிவிடுங்கள். கடற்காற்று வரும் அராலிப் பக்கத்தில் இரவு விட்டால் காலையில் மீண்டும் செம்மஞ்சளாகிவிடும். பழைய கொங்கிறீற்றை முதல் நாள் மாலையிலிருந்து நனைத்து வைத்து, பூசும் நேரத்தில் மேற்பரப்பில் தண்ணீர் பளபளக்காமல் உள்ளே மட்டும் ஈரம் இருக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். காய்ந்த பழைய கொங்கிறீற்று புதிய கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும்.

ஒட்டுவதற்கு எஸ்.பி.ஆர். எனப்படும் செயற்கை இறப்பர்ப் பாலில் சீமெந்தைக் கரைத்துப் பூசுவார்கள். இந்த வெயிலில் அது ஒரு சில நிமிடங்களில் காய்ந்துவிடும். பிசுபிசுப்பாக இருக்கும்போதே மேலே கலவை ஏற வேண்டும்; காய்ந்துவிட்டால், அது ஒட்டும் பசையாக இருப்பதற்குப் பதிலாகப் பிரிக்கும் தாளாக மாறிவிடும், பிறகு முழுத் துண்டாக உரிந்து விழும். ஆகவே ஒரு கதவு அளவு இடத்துக்கு மொத்தமாகப் பூசிவிட்டுக் கலவை குழைக்கப் போகக் கூடாது. ஒருவர் பூசப் பூச, இன்னொருவர் பின்னால் அடித்து வர வேண்டும். கலவையை ஒரே தடவையில் தடிப்பாக அடித்தால் தன் பாரத்தில் தொங்கும். முக்கால் அங்குலத்துக்கு மேற்படாமல் அடுக்கடுக்காகக் கட்டி, ஒவ்வோர் அடுக்கையும் கீறிவிட்டு அடுத்ததை அடிக்க வேண்டும். பைகளில் வரும் திருத்தக் கலவை கிடைத்தால் அதுவே நல்லது, விலை கூடினாலும் சுருக்கம் குறைவு.

தண்ணீர் விடயத்தில் எங்கள் ஆட்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். கொங்கிறீற்றுக்கு 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றுக்கு 22 லீற்றர் தண்ணீர் என்று வைத்தால், மணலில் உள்ள ஈரமும் அந்தக் கணக்குக்குள் வர வேண்டும். வெயிலில் கலவை இறுக இறுகத் தண்ணீர் தெளித்து இளக்குவது கைக்குச் சுகம், ஆனால் பலம் போய்விடும். தளர்வாக வேண்டுமென்றால் அதற்கான இரசாயனக் கலவை விற்கிறார்கள், அதைச் சேருங்கள். கல், மணல் குவியல்களை நிழலில் வைத்து, வேலையை விடியற்காலையில் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. சோளகக் காற்று வீசும் நாளில் வெயிலைவிடக் காற்றுத்தான் மோசம். அடித்து அரை மணித்தியாலத்துக்குள் மேற்பரப்பு உலர்ந்து சிலந்திவலை போல வெடித்துவிடும்.

கூரைத்தளத்தின் மேற்பக்கத்தில் வேலை செய்தால், வயலுக்கு வரம்பு கட்டுவதுபோலச் சாந்தால் சிறு வரம்பு கட்டித் தண்ணீர் நிறுத்தி ஏழு நாட்களுக்குக் குறையாமல் நனைக்கலாம். அடிப்பக்கத்துக்கு அது முடியாது. ஈரச் சாக்கைப் பலகையில் விரித்து முட்டால் தாங்கி அணைத்து வைத்து, அதற்கு மேல் பொலித்தீன் சுற்றி, காலை மாலை நனைக்க வேண்டும். நனைக்கும் தண்ணீரும் உவராக இருக்கக் கூடாது. உங்கள் கிணறு கோடையில் உவர்க்கிறது என்றால், கலவைக்கும் நனைப்பதற்கும் பவுசரில் நல்ல தண்ணீர் எடுப்பது வீண் செலவன்று.

என் எண்ணத்தில் இந்த வேலைக்குத் தை, மாசி மாதங்களே உகந்தவை. வெயில் தணிந்திருக்கும், மழையும் ஓய்ந்திருக்கும். அதுவரை தளத்துக்கு முட்டு மட்டும் கொடுத்து வைத்திருக்கலாம்.


பதில்: கட்டமைப்புப் பொறியியல், புலம்பெயர் யாழ்ப்பாணத்தான்

மேலே உள்ள இருவரும் எழுதியவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் கொத்தத் தொடங்குவதற்கு முன்னர், கம்பி ஏன் துருப்பிடித்தது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஏற்ப வேலையின் அளவே மாறிவிடும்.

காரத்தன்மையைக் காட்டும் பீஎச் பெறுமானம் நல்ல கொங்கிறீற்றில் 12.5க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தன்மையில் கம்பியின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாகி, துருவைத் தடுக்கும். இந்தப் படலம் இரண்டு வழிகளில் அழிகிறது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு மெதுவாக உட்புகுந்து காரத்தன்மையைக் குறைப்பது ஒன்று. உப்பிலுள்ள குளோரைட்டு, காரம் குறையாமலே படலத்தைத் துளைப்பது மற்றது. முதலாவதைக் கண்டுபிடிப்பது எளிது. புதிதாகக் கொத்திய கொங்கிறீற்றுப் பரப்பில் பினோத்தலின் கரைசலைத் தெளித்தால், காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாக மாறும், காரம் இழந்த இடம் நிறமற்று நிற்கும். நிறமற்ற பகுதி கம்பி வரை வந்திருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. காரமிழப்பின் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடும். ஆகவே 25 மில்லிமீற்றர் மூடுகனம் (கம்பியை மூடியிருக்கும் கொங்கிறீற்றின் தடிப்பு) இருக்க வேண்டிய இடத்தில் பாதிதான் இருந்தால், பாதுகாப்பு நீடிக்கும் காலம் பாதியன்று, கால்வாசி. கம்பிக்குக் கீழே வைக்க வேண்டிய சீமெந்துக் கட்டிகளுக்குப் பதிலாகச் சல்லிக்கல்லை வைத்துக் கொங்கிறீற்று போட்ட வீடுகளில் இதைத்தான் பார்க்கிறோம்.

கம்பியைச் சுற்றி இளஞ்சிவப்பு தெளிவாக வந்தும் கம்பி துருப்பிடித்திருந்தால், குளோரைட்டைச் சந்தேகிக்க வேண்டும். உங்கள் விவரங்களைப் பார்த்தால் எனக்கு இதுவே கூடுதலாகப் படுகிறது. குடாநாட்டின் நன்னீர், சுண்ணாம்புக்கல்லுக்குள் கடல்நீருக்கு மேல் மிதக்கும் ஒரு வில்லைதான். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. இறைத்து மேல்மட்டத்தைச் சற்றுத் தாழ்த்தினால், கீழிருந்து உவர் பலமடங்கு ஏறிவிடும். கடனீரேரியை அண்டிய அராலியில் கோடைக்காலத்தில் கலக்கிய கொங்கிறீற்று என்றால், உப்பு முதல் நாளே உள்ளே போயிருக்கலாம். இந்திய நியமம் ஐ.எஸ். 456, கம்பி வைத்த கொங்கிறீற்றுக்கான தண்ணீரில் லீற்றருக்கு 500 மில்லிகிராம் குளோரைட்டுக்கு மேல் கூடாது என்கிறது. நாக்குக்குத் தெளிவாக உவர்க்கும் தண்ணீர் பெரும்பாலும் அந்த எல்லையில் அல்லது அதற்கு மேல் நிற்கும். மணலையும் கழுவாமல் பயன்படுத்தியிருந்தால் அதிலிருந்த உப்பும் சேர்ந்திருக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், குளோரைட்டு முழுத் தளத்திலும் பரவியிருக்கும்போது, துண்டு துண்டாகத் திருத்துவது புதிய தொல்லையைத் தரும். திருத்திய இடத்தில் கம்பி நல்ல காரக் கலவைக்குள் வந்துவிடும். அதைச் சுற்றியுள்ள பழைய கொங்கிறீற்றில் அதே கம்பி உப்புக்குள் இருக்கும். முன்னர் துருப்பிடித்துக்கொண்டிருந்த இடம் தன்னைச் சுற்றியிருந்த கம்பியை ஓரளவு காப்பாற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காப்பு போய்விட, திருத்தலின் விளிம்பைச் சுற்றி வளையமாகத் துரு தொடங்கும். மேசன் திறமையாகச் செய்தும் இரண்டு மூன்று வருடங்களில் பக்கத்தில் விழுகிறது என்று வீட்டுக்காரர்கள் சொல்வதற்கு இதுவே காரணம். தளத்தில் மூன்று நான்கு இடங்களில் கம்பி ஆழத்திலிருந்து துளைத்தெடுத்த தூளை ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள். சீமெந்தின் நிறையில் 0.4 வீதத்துக்கு மேல் குளோரைட்டு இருந்தால், திருத்தலின் ஓரங்களில், கம்பிக்குப் பதிலாகத் தாம் அரிபட்டு அதைக் காக்கும் நாகத் துண்டுகளைக் கம்பியோடு பொருத்துவது, அல்லது அந்த மண்டபத்துத் தளத்தையே உடைத்துப் புதிதாகப் போடுவது ஆகிய இரண்டையும் விலை போட்டுப் பார்க்க வேண்டும். மிகவும் கெட்ட தளத்தைத் திருத்துவதை விட மாற்றுவது மலிவாகவும் அமையும். இதைச் சொல்ல ஒப்பந்தகாரர் எவருக்கும் மனம் வருவதில்லை.

துரு நீக்கிய பின்னர் கம்பியின் விட்டத்தை அளந்து பாருங்கள். 10 மில்லிமீற்றர் கம்பி 9 ஆகியிருந்தால் பரப்பில் நூற்றுக்கு 19 போயிருக்கிறது. 8 ஆகியிருந்தால் 36 போயிருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நூற்றுக்கு 20க்கு மேல் இழந்த கம்பிக்குப் பக்கத்தில், அதே விட்டத்தில் புதிய கம்பியை, நல்ல பகுதியோடு இரு புறமும் விட்டத்தின் ஐம்பது மடங்கு நீளம் ஒன்றன்மேல் ஒன்று வருமாறு கட்ட வேண்டும். இதற்காக மேலும் நீளமாகக் கொத்த வேண்டிவரும். முட்டுகளை எங்கே, எத்தனை வைப்பது என்பதை அப்போது ஒரு பொறியியலாளர் நேரில் வந்து தீர்மானிக்க வேண்டும்.

மேசன் அவர்களோடு ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். தை மாதம் வரை காத்திருக்கலாம் என்பது அடிப்பக்கத்து வேலைக்குச் சரி. மேற்பக்கத்தை ஐப்பசிக்கு முன்னர் பார்த்தே ஆக வேண்டும். இன்னொரு மாரி முழுவதும் ஈரம் இறங்கினால் துரு வேகமாகும். வேப்பஞ் சருகு அடைத்த வடிகுழாய்களைத் திறந்து, தண்ணீர் தேங்கும் பள்ளங்களைச் சரிவுபடுத்தி, வெள்ளை நிற இழுபடு நீர்த்தடுப்புப் பூச்சைப் பூசுங்கள். வெள்ளை என்பதற்குக் காரணம் உண்டு. கொங்கிறீற்று ஒரு பாகை சூட்டுக்கு மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு நீளும். 10 மீற்றர் நீளத் தளம் விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் இடையில் 30 பாகை சூடேறினால் 3 மில்லிமீற்றர் நகர்கிறது. மேற்குச் சுவரில் நீங்கள் காணும் கிடையான வெடிப்பு அதனால் வந்தது, அது களியாலும் வரவில்லை, துருவாலும் வரவில்லை. அதைக் கலவையால் அடைத்தால் ஒரு நாளிலேயே மீண்டும் திறக்கும். உள்ளே சிறிய பள்ளம் வெட்டி இழுபடு பசை இட்டு, உட்பக்கத்தில் ஒரு மரப் பட்டியால் மறைத்துவிடுங்கள், பயப்பட ஒன்றுமில்லை.

யன்னல்களுக்கு மேல் வெளியே நீட்டியிருக்கும் சன்ஷேட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அவற்றில் பாரம் தாங்கும் கம்பி மேற்பக்கத்தில் இருக்க வேண்டும். கொங்கிறீற்று போடும்போது ஆட்கள் மிதித்துக் கீழே இறக்கிவிட்டிருப்பார்கள். சுவரோடு சேரும் இடத்தில் மேற்பக்கம் வெடித்திருந்தால், அதன் கீழ் எவரையும் நிற்க விட வேண்டாம்.


வயற்கரை வீடு

மூவருக்கும் நன்றி. இரண்டு குழிகளும் தோண்டிப் பார்த்தோம். முன்மூலையில் மூன்றடியில் சுண்ணாம்புக்கல் வந்துவிட்டது, அத்திவாரம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சமையலறை மூலையில் ஐந்தரை அடி வரை சாம்பல் நிறக் களி. அதில் மேல் மூன்றடி கோடையிலும் கையில் ஒட்டும் அளவுக்கு ஈரம். ஐந்தரை அடிக்குக் கீழே சுண்ணாம்புக்கல் தட்டுப்படுகிறது. வாழைக்குப் போகும் தண்ணீரை ஏற்கெனவே குழாயில் திருப்பிவிட்டோம். சமையலறைப் பக்கத்து அத்திவாரத்தை மட்டும் கல் வரை இறக்கினால் போதுமா? ஒப்பந்தகாரர் இப்போதே தொடங்கலாம் என்கிறார்.


பதில்: ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்

இப்போது படம் தெளிவாகிறது. பாதி கல்லில், பாதி களியில். ஐந்தரை அடியில் கல் கிடைப்பது உங்கள் நல்ல காலம். சமையலறைப் பக்கத்தை மட்டும் இறக்கினால் போதும், வீடு முழுவதையும் சுற்றி வளையம் போடத் தேவையில்லை.

ஆனால் இப்போதே தொடங்க வேண்டாம். தண்ணீரைத் திருப்பியவுடன் அந்தக் களி காயத் தொடங்கும், சில மாதங்களுக்கு வெடிப்பு முன்பைவிடச் சற்று அகலக்கூடும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அளவை எழுதி வாருங்கள். இந்த மாரியும் அடுத்த கோடையும் கழிந்து அசைவு அடங்கியிருந்தால், அத்திவாரத்தைத் தொடாமலே சுவரைத் தைத்துவிடலாம், பெருந்தொகை மிச்சம். அடங்காவிட்டால் அடுத்த ஆனி, ஆடியில், நிலத்தடி நீர் தாழ்ந்திருக்கும்போது தோண்டலாம்.

தோண்டும்போது சுவர் நீளம் முழுவதையும் ஒரே நேரத்தில் திறக்க விடக் கூடாது. மூன்று நான்கு அடி நீளத் துண்டுகளாகப் பிரித்து, முதலாவது, நாலாவது, ஏழாவது என்று இடைவிட்டுத் தோண்டி, கல்லைச் சுத்தம் செய்து, கொங்கிறீற்று நிரப்ப வேண்டும். பழைய அத்திவாரத்துக்கும் புதியதுக்கும் இடையில் இரண்டு மூன்று அங்குலம் விட்டு, புதிய கொங்கிறீற்று இறுகிய பின்னர் அந்த இடைவெளியில் ஈரம் குறைந்த சாந்தை இறுக்கித் திணித்த பிறகே அடுத்த வரிசையைத் திறக்க வேண்டும். கல்லின் மேல் கடப்பாரையால் அடித்துப் பாருங்கள். எங்கள் சுண்ணாம்புக்கல்லில் தண்ணீர் அரித்த பொந்துகள் உண்டு. கீழே வெறுமையாக ஒலித்தால் அந்த இடத்தில் பாரத்தை இறக்காமல், பக்கத்திலுள்ள திடமான கல்லுக்கு ஒரு சிறிய பீம் மூலம் கடத்த வேண்டும். வேலைக்கு ஆட்கள் குழிக்குள் இறங்குமுன், களிச் சுவர் சரியாமல் பலகை அடிக்கச் சொல்லுங்கள். ஐந்தரை அடி ஈரக் களி ஒருவரை மூடுவதற்குப் போதும்.